மைக்ரோவேவுக்குள் தீப்பொறி பறந்தது, இப்படித்தான் சரிசெய்தேன்

சாம்பாரைச் சூடாக்கும்போது உள்ளே படபடவென்று பொறி, கூடவே கருகல் வாடை. வைத்ததோ கண்ணாடிக் கிண்ணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன். வலது பக்கச் சுவரில் அட்டை மாதிரி இருக்கும் மைக்கா ஷீட்டின் ஓரம் கருகியிருந்தது. மைக்ரோவேவ் அலைகளை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானிலிருந்து அவை வரும் வழியை மூடியிருப்பது அதுதான். எண்ணெய்த் துளி தெறித்துப் படிந்தால் அந்த இடம் சூடேறிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி கிளம்பும்.

உதிரிபாகக் கடையில் ஷீட் மலிவுதான். பழையதை மேலே வைத்து வரைந்து, கத்தரிக்கோலால் வெட்டி, சுவர்ப் பிசுக்கைத் துடைத்துக் காயவிட்டு மாட்டினேன். அப்புறம் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்து ஓட்டிப் பார்த்தேன். பொறி இல்லை.

வெளிக்கூட்டை மட்டும் தொடவில்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம். சூடே ஏறவில்லை என்றால் மெக்கானிக்கிடம்தான் கொடுப்பேன்.