பாகப்பிரிவினை வழக்குக்கு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பூர்வீகச் சொத்தில் பங்கு கேட்டு வழக்குத் தொடுப்பது என்று முடிவானதும் உறவினர்களிடம் வழக்கறிஞர் பெயரைக் கேட்பது நம் வழக்கம். அவர்களும் தங்களுக்கு ஜாமீன் வாங்கித் தந்தவரையோ விவாகரத்து முடித்துத் தந்தவரையோ மனதாரப் பரிந்துரைப்பார்கள். ஆனால் சொத்து வழக்கு என்பது பழைய பத்திரங்களைப் பொறுமையாக வரி வரியாகப் படிப்பவரின் வேலை. ஆகவே, அவர் சிவில் வழக்குகளை நடத்துபவரா என்பதை முதலில் விசாரியுங்கள். நிலம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் வழக்கைத் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், நீங்கள் சென்னையில் குடியிருந்தாலும் திருநெல்வேலி நிலத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் அன்றாடம் ஆஜராகும் ஒருவரைத் தேடுவதே நல்லது.

வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. நீதிமன்ற வாசலில் தாமாக வந்து அழைத்துச் செல்லும் இடைத்தரகர்களைத் தவிர்க்க இந்த ஒரு காரணமே போதும். அதற்குப் பதிலாக, நீதிமன்ற வழக்குகளின் விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்றத்தையும் தேர்வு செய்து, வழக்கறிஞரின் பெயரைக் கொடுத்துத் தேடினால், அவர் அங்கே நடத்தும் வழக்குகளின் பட்டியலைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டியலில் அசல் வழக்குகளும் (முதன்முதலாகத் தொடுக்கப்படும் சிவில் வழக்குகள்) மேல்முறையீடுகளும் கணிசமாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். வாய்தாக்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட வேண்டாம்; நம் நீதிமன்றங்களில் வாய்தாவுக்குக் காரணங்கள் பல.

முதல் சந்திப்புக்கு மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றின் நகல்களையும், யார் யாருக்குப் பிறந்தவர் என்பதைக் காட்டும் வம்சாவளிப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். அசல்களை அன்றே ஒப்படைக்க வேண்டியதில்லை. அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது அவர் சொல்லும் பதில்களைவிட அவர் கேட்கும் கேள்விகளைத்தான். பங்கு கேட்பவர் மகளாக இருந்தால், சொத்து பூர்வீகமா அல்லது தந்தை தாமே சம்பாதித்ததா, தந்தை உயில் ஏதும் எழுதினாரா, 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினை ஏதும் நடந்திருக்கிறதா என்று ஒரு தேர்ந்த வழக்கறிஞர் கட்டாயம் கேட்பார். ஏனென்றால் மகளுக்கும் பிறப்பிலேயே சம உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்திருந்தாலும், அந்தத் தேதிக்கு முன்பு முறைப்படி முடிந்துவிட்ட பிரிவினையை 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் தொடுவதில்லை. நிலம் இன்னும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறதா, உங்களை விலக்கிவிட்டார்களா என்றும் அவர் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் நிலையான சிறு தொகையா, உங்கள் பங்கின் சந்தை மதிப்பைப் பொறுத்த பெருந்தொகையா என்பது அந்தப் பதிலைப் பொறுத்தது. இவை எதையும் கேட்காமல், ஆவணக் கட்டைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், 'ஆறே மாதத்தில் முடித்துவிடலாம்' என்பவரிடமிருந்து நன்றி சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் வழக்கின் பலவீனத்தை உங்கள் முகத்துக்கு நேரே சொல்பவரே என் கணக்கில் நல்ல வழக்கறிஞர்.

கட்டணப் பேச்சில் கூச்சம் வேண்டாம். பாகப்பிரிவினை வழக்கு இரண்டு கட்டங்களாக நடக்கும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல்நிலைத் தீர்ப்பாணை சொல்லும். அதன் பிறகு நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் நேரில் வந்து அளந்து அறிக்கை தர, இறுதித் தீர்ப்பாணை பிறக்கும். பேசிய தொகை முதல் கட்டத்துக்கு மட்டுமா, இரண்டுக்குமா என்பதையும், நீதிமன்றக் கட்டணமும் ஆணையர் கட்டணமும் அதில் அடங்குமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வென்றால் நிலத்தில் இத்தனை சதவீதம் என்று பேசுவது விதிப்படி கூடாது. சாட்சி விசாரணையை அவரே நடத்துவாரா, ஜூனியர் நடத்துவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் வக்காலத்துப் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம்.

பணம் தடையாக இருக்கும் பெண்கள், வருமானம் எதுவானாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் இது பொருந்தும். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் மனு கொடுக்கலாம். 15100 என்ற சட்ட உதவித் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம்.

நடுவில் வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால், பழையவரின் சம்மதத்தையோ நீதிமன்றத்தின் அனுமதியையோ பெற்றுப் புதிய வக்காலத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணப் பாக்கிக்காகப் பழையவர் வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றுவதற்கு முன் உங்கள் வழக்குக்கென்றே தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு அடுத்த வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸில் பார்த்துவிடுங்கள்; அந்தத் தேதிக்குள் புதியவரின் வக்காலத்து நீதிமன்றத்தில் இருக்க வேண்டும்.