வளையத்தின் மேலா, ஒரு கார்பன் தள்ளியா?

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கரிம வேதியியலில் அதிகம் குழம்புவது பீனாலிலும் பென்சைல் ஆல்கஹாலிலும்தான். இரண்டிலும் பென்சீன் வளையம் உண்டு, ஹைட்ராக்சில் (OH) தொகுதியும் உண்டு. பீனாலில் அது வளையத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மற்றதில் நடுவே ஒரு கார்பன். அந்த ஒரு கார்பனால் குணமே மாறிவிடுகிறது. இரண்டையும் பிரித்தறிய 21 வருடமாக அரசுப் பள்ளி ஆய்வகத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை வரிசை இது.

முதலில், மணத்தை நம்பாதீர்கள். பென்சீன் வளையம் கொண்ட இவ்வகைச் சேர்மங்களுக்கு அரோமேட்டிக் என்ற பெயர் மணத்தை வைத்து வந்ததுதான். பென்சீன் என்ற பெயரும் சாம்பிராணி வகைப் பிசின் ஒன்றிலிருந்து வந்தது. ஆனால் இன்று அந்தச் சொல்லுக்குப் பொருள் மணம் அல்ல, வளையம் முழுக்கப் பரவி நிற்கும் எலக்ட்ரான்கள். நம் வீட்டுச் சூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல மணம், எரித்தால் கரும்புகை. இருந்தும் அதில் பென்சீன் வளையம் கிடையாது. ஆகவே ஸ்பாட்டுலாவில் ஒரு துளி எரித்துப் புகை வந்தால் ‘அரோமேட்டிக்காக இருக்கலாம்’ என்று மட்டும் எழுதுங்கள். எத்தனால் புகையில்லாமல் நீலமாக எரிவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; கார்பன் விகிதம் கூடினால் புகை கூடும் என்பது கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது காரச் சோதனை. 2 மி.லி. தண்ணீரில் பத்துத் துளி பீனால் விட்டால் கலங்கும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துக் குலுக்கினால் தெளியும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் மறுபடி கலங்கும். பென்சைல் ஆல்கஹால் காரம் சேர்த்தாலும் தெளியாது. பீனால் புரோட்டானை விட்டுக்கொடுத்ததும் மிஞ்சும் எதிர்மின் சுமையை வளையம் வாங்கிப் பரப்பிக்கொள்கிறது. நடுவே கார்பன் இருந்தால் வளையத்துக்கு அது எட்டாது. அமில வலுவைக் காட்டும் எண் பிகேஏ; அது குறைந்தால் வலு கூடும். பீனாலின் பிகேஏ மதிப்பு 10, பென்சைல் ஆல்கஹாலுக்கு 15க்கு மேல். சோடியம் பைகார்பனேட்டில் இரண்டுமே நுரைக்காது. நுரைத்தால் கையில் இருப்பது கார்பாக்சிலிக் அமிலம்.

பீனாலைத் தொடும்போது கையுறை கட்டாயம். அது தோலை மரத்துப்போக வைத்துவிடும், அதனால் சுட்டது உடனே தெரியாது. தோல் வெளுத்தபிறகுதான் ஒரு மாணவி என்னிடம் ஓடிவந்தாள். பட்டால் குழாயடியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பிறகு நேராக மருத்துவரிடம் போங்கள்.

இனி பெர்ரிக் குளோரைடு என்ற இரும்பு உப்பு; பீனாலோடு ஊதா நிறம் தருவது. ஒரு செய்முறைத் தேர்வன்று காலையில் பீனால் எடுத்த யாருக்கும் ஊதா நிறம் வரவில்லை. சரியாகச் செய்த பிள்ளைகள் அழாத குறை. தப்பு என்னுடையது: கரைசலை நான் நடுநிலையாக்காமல் வைத்துவிட்டேன். பெர்ரிக் குளோரைடு கரைசல் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது. அமிலம் மிகுந்தால் புரோட்டானை இழந்த பீனாலாகிய பீனாக்சைடு உருவாகாது. அது இல்லாமல் இரும்போடு சேர்ந்த நிறமுள்ள அணைவுச் சேர்மம் எப்படி வரும்? அன்றிலிருந்து தேர்வுக்கு முன்தினமே தயாரித்துவிடுகிறேன். கரைசலில் நீர்த்த அம்மோனியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். முதலில் தோன்றும் பழுப்பு வீழ்படிவு கரைந்துவிடும். கரையாமல் லேசாகத் தங்கும் கட்டத்தில் நிறுத்தி வடிகட்டுங்கள். அந்த வடிநீர்தான் நடுநிலைக் கரைசல். இதில் ஒன்றிரண்டு துளி விட்டால் பீனால் ஊதாவாகும். பென்சைல் ஆல்கஹால் மஞ்சளிலேயே நிற்கும். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்துக் கறுப்பு மை காய்ச்சினார்களே, அதுவும் இந்த உறவுதான். கடுக்காயின் டானின்கள் பல பீனால் தொகுதிகள் கொண்டவை. அன்னபேதி இரும்பின் உப்பு.

புரோமின் நீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பீனாலில் நிறம் போய் வெள்ளை வீழ்படிவு விழும்; அது 2,4,6-ட்ரைபுரோமோபீனால்.

லூகாஸ் சோதனையில்தான் நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளும் சறுக்குவார்கள். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நீரற்ற சிங்க் குளோரைடு கரைத்தது லூகாஸ் காரணி. ஹைட்ராக்சில் தாங்கும் கார்பனோடு மூன்று கார்பன்கள் இணைந்த மூவிணைய ஆல்கஹால் உடனே கலங்கும், இரண்டு இணைந்த ஈரிணையம் ஐந்து பத்து நிமிடம் எடுக்கும், ஒன்றே இணைந்த ஓரிணையம் அறை வெப்பநிலையில் கலங்காது. பென்சைல் ஆல்கஹாலோ ஓரிணையமாக இருந்தும் உடனே கலங்கும். அதைப் பார்த்து ‘மூவிணையம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஹைட்ராக்சில் வெளியேறியதும் உண்டாகும் நேர்மின் கார்பனைப் பக்கத்து வளையம் தாங்கிக்கொள்கிறது, அதனால்தான் இந்த வேகம். பீனால் லூகாஸ் காரணியோடு வினைபுரிவதில்லை. அதன் கார்பன்-ஆக்சிஜன் பிணைப்புக்கு ஓரளவு இரட்டைப் பிணைப்பின் வலு இருக்கிறது.

சந்தேகம் இன்னும் இருந்தால் பென்சைல் ஆல்கஹாலைக் காரப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு நீர்த்தொட்டியில் சூடாக்குங்கள். ஊதா போய்ப் பழுப்பு மாங்கனீசு டை ஆக்சைடு படியும். வெறும் நிறம் போனதை வைத்து நிறைவுறாச் சேர்மம் (கார்பன்களுக்கிடையே இரட்டை அல்லது முப்பிணைப்பு உள்ளது) என்று முடிவுகட்டாதீர்கள். ஆக்சிஜனேற்றம் அடையும் எதுவும் அப்படிச் செய்யும், பீனால் உட்பட. வடிகட்டி, ஆறியபின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். பென்சாயிக் அமிலம் வெள்ளையாகப் பிரியும். அதை உலர்த்தி உருகுநிலை பாருங்கள்: 122 டிகிரி செல்சியஸ்.