முதல் கேமிங் கணினி: உதிரிபாகங்களை எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

கேமிங் கணினி வேண்டும் என்று கடையில் கேட்டால், ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வரும். சென்னை ரிச்சி தெருவானாலும் மற்ற ஊர்களின் கணினிக் கடைகளானாலும், ஒரு சிஸ்டத்துக்குப் பெயர் வைப்பதே அதிலுள்ள பிராசசரைக் கொண்டுதான். அலுவலக வேலைக்கு வாங்கும் கணினியில் இந்தப் பழக்கத்தால் பெரிய கேடு எதுவும் இல்லை. விளையாடுவதற்கென்றே பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கும் கணினியில், பிராசசரிலிருந்து தொடங்கினால் கையிலுள்ள பணத்தின் பெரும்பங்கு அங்கேயே கரைந்துபோய், விளையாட்டின் வேகத்தை உண்மையில் தீர்மானிக்கிற கிராபிக்ஸ் கார்டுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும். ஆகவே முதலில் திரையை முடிவுசெய்து, அந்தத் திரைக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுத்து, அந்தக் கார்டுக்குத் தடையாக இல்லாத பிராசசரையும் மதர்போர்டையும் அதன் பிறகு பார்ப்பதே சரியான வரிசை.

திரையை முதலில் வைப்பதற்குக் காரணம் எளிய கணக்கு. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன; 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது 1080பி திரையைப் போல நான்கு மடங்கு. ஒவ்வொரு காட்சிச் சட்டத்துக்கும் (பிரேம்) இத்தனை புள்ளிகளையும் கார்டு வரைந்தாக வேண்டும், அதுவும் விநாடிக்கு அறுபது முறையோ நூற்று நாற்பத்து நான்கு முறையோ. முதல் கணினிக்கு 24 அங்குல, 1080பி, 144 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 144 முறை படம் மாறுவது) அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட ஐபிஎஸ் (பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை) திரையே நிதானமான தேர்வு என்பது என் கருத்து. விளையாடப்போவது எது என்பதையும் இங்கேயே எழுதிக்கொள்வது நல்லது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகள் சாதாரணக் கார்டிலேயே நன்றாக ஓடும். அவற்றில் அதிகச் சட்டங்களை எட்டுவதற்குப் பிராசசரின் பங்கு கூடுகிறது. சைபர்பங்க் 2077 போன்ற பெரிய கதை விளையாட்டுகளிலோ சுமை ஏறத்தாழ முழுவதும் கார்டின் மீது விழுகிறது.

திரை நீங்கலாக, கணினிக்கென்று ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல், முடிந்தால் ஐந்தில் இரண்டு பங்கு வரை கிராபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். 1080பி திரைக்கு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்டெலின் ஆர்க் பி580 ஆகியவை ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவை. கார்டின் நினைவகம் 8 ஜிபிக்குக் குறையக் கூடாது. புதிய பெரிய விளையாட்டுகளில் 8 ஜிபியே நெருக்கடியாகிவிடுவதால், விலை வித்தியாசம் தாங்கக்கூடியதாக இருந்தால் 12 அல்லது 16 ஜிபி உள்ளதை எடுப்பது சில ஆண்டுகளுக்குப் பயன்படும். இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐயும் ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரு வகைகளாக விற்கப்படுகின்றன. விளம்பரத்தில் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டுபவருக்கு எது வந்து சேரும் என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

நினைவகத்தின் அளவை மட்டுமே பார்ப்பதும் ஏமாற்றத்துக்கு வழி. ‘4 ஜிபி கிராபிக்ஸ்’ என்று சொல்லி விலை குறைந்த சிஸ்டங்களில் பொருத்தித் தரப்படும் ஜிடி 730 என்பது 2014இல் வெளிவந்த கார்டு. அதில் எத்தனை ஜிபியை ஒட்டினாலும் இன்றைய விளையாட்டுகளுக்கு அதன் சிப் ஈடுகொடுக்காது. இன்னொரு வகைத் தொல்லை, கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலுள்ள பாதைகளில் இருக்கிறது. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு பிசிஐஇ பாதைகளை மட்டுமே பயன்படுத்துவதால், பிசிஐஇ 3.0 மட்டும் உள்ள பழைய போர்டில் செருகினால் அதன் வேகம் கண்கூடாகச் சரியும். ஆர்க் பி580க்கு ரீசைசபிள் பார் என்னும் வசதி (பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரேயடியாக அணுக விடுவது) பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளில், இயங்க வேண்டும். அது இல்லாத பழைய கணினியில் அந்தக் கார்டைப் பொருத்துவது வீண். பழைய கார்டை வாங்குவதாக இருந்தால், விற்பவரின் இடத்திலேயே ஒரு விளையாட்டையோ சோதனை மென்பொருளையோ குறைந்தது அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்து, வெப்பநிலையையும் விசிறிகளின் ஓசையையும் கவனித்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கார்டு முடிவானால் பிராசசர் எளிதாகிவிடும். இந்த விலைப் படியிலுள்ள கார்டுகளுக்கு ஆறு கோர் (தனித்தனியாகக் கணக்கிடும் பகுதி), பன்னிரண்டு திரெட் (ஒரே நேரத்தில் நடத்தும் வேலை) கொண்ட பிராசசர் போதும். ரைசன் 5 7600 இதற்குப் பொருத்தமான உதாரணம்: அறிவிக்கப்பட்ட வெப்ப அளவு 65 வாட், பெட்டியிலேயே கூலர் இருக்கிறது, சிறிய கிராபிக்ஸும் உள்ளுக்குள் உண்டு. இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் வெளிவந்து சில ஆண்டுகள் ஆனபோதும் இன்னும் கணக்கில் வைக்கத் தக்கது. எண்ணின் கடைசியில் நிற்கும் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ‘எஃப்’ இருந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் ‘கே’ இருந்தால் பெட்டியில் கூலர் இருக்காது. ரைசன் 5 7600எக்ஸுக்கும் கூலரைத் தனியாக வாங்க வேண்டும். எஃப் வகையில் மிச்சமாகும் தொகை சிறியதாக இருந்தால், முதல் முறை அசெம்பிள் செய்பவர் அதைத் தவிர்ப்பதே நல்லது. திரையில் எதுவும் வராதபோது கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் கம்பியைச் செருகிப் பார்க்க முடிந்தால், குறை எங்கே என்பதைப் பாதிக்குப் பாதி அங்கேயே கண்டுபிடித்துவிடலாம். பெட்டி இல்லாமல் ‘டிரே’ என்று விற்கப்படும் பிராசசர்களுக்குத் தயாரிப்பாளரின் நேரடி வாரன்டி வழக்கமாகக் கிடையாது என்பதையும் விலை குறைவாக இருக்கிறதே என்று மகிழும்போது நினைவில் வைக்க வேண்டும்.

மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் பிராசசர் உட்காரும் சாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பதுதான். ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. குறைந்தது 2027 வரை அதற்கு ஆதரவு தொடரும் என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. ஆகவே இன்று ஆறு கோர் பிராசசரைப் பொருத்திவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அதே போர்டில் வேறொன்றை மாற்றும் வாய்ப்பு இருக்கிறது. இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட் பன்னிரண்டாம் தலைமுறை முதல் பதினான்காம் தலைமுறை வரைக்கானது. அடுத்து வந்த கோர் அல்ட்ரா வரிசைக்குச் சாக்கெட்டே மாறிவிட்டது. இருந்தாலும் ஏஎம்5 கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டிய முடிவாக இல்லை. அது டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ராமை மட்டுமே ஏற்கும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025இன் பிற்பகுதியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. வீட்டில் நல்ல நிலையில் டிடிஆர்4 ராம் இருப்பவர், ஏஎம்டியின் முந்தைய சாக்கெட்டான ஏஎம்4 உள்ள போர்டுடன் ரைசன் 5 5600 எடுப்பதாலோ, டிடிஆர்4 ஏற்கும் எல்ஜிஏ1700 போர்டை எடுப்பதாலோ மிச்சமாகும் பணத்தைக் கார்டில் போடலாம். எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4, டிடிஆர்5 என இரு வகைகளும் உண்டு. ஒன்றுக்கான ராம் மற்றதில் நுழையாது.

ஏஎம்5 போர்டு என்றால், சிப்செட்டில் (போர்டின் வசதிகளைத் தீர்மானிக்கும் சிப்) பி650 போதுமானது. எக்ஸ் என்று தொடங்கும் விலை உயர்ந்த போர்டுகளுக்கு இந்தக் கணினியில் வேலை இல்லை. வாங்குவதற்கு முன் அந்த போர்டின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் பிராசசரின் பெயரையும், அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பையும் பார்த்துவிட வேண்டும். கடையில் நெடுநாள் கிடந்த பி650 போர்டில், 2024இல் வந்த ரைசன் 9000 வரிசை பிராசசரைப் பொருத்தினால், பயாஸைப் புதுப்பிக்கும் வரை கணினி விழிக்காமலே இருக்கலாம். பிராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் கொண்டு பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் உள்ள போர்டு என்றால் இந்தக் கவலை இல்லை.

ராமைப் பொறுத்தவரை 16 ஜிபி குறைந்தபட்சம், 32 ஜிபி தாராளம். எந்த அளவானாலும் ஒரே ஜோடியாக விற்கப்படும் இரண்டு குச்சிகளாக வாங்கி, நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாகப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகினால்தான் இரட்டைச் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரு பாதைகளில், இயங்கும். ரைசன் 7000 வரிசைக்கு டிடிஆர்5-6000 என்று குறிக்கப்படும் வேகமே பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் பயாஸுக்குள் சென்று எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்காவிட்டால், காசு கொடுத்து வாங்கிய அந்த வேகம் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணாக மட்டுமே இருக்கும்.

விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டிக்கு 1 டிபி (கொள்ளளவு), என்விஎம்இ (வேகமான இணைப்பு முறை), எம்.2 2280 (போர்டில் செருகும் வடிவமும் அளவும்) என்ற மூன்று சொற்கள் போதும். விநாடிக்கு 3500 எம்பி படிப்பதற்கும் 7000 எம்பி படிப்பதற்கும் விளையாட்டு திறக்கும் நேரத்தில் காணும் வேறுபாடு மிகச் சிறியது.

அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது, எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்தான். கேபினெட்டோடு இலவசமாகவோ, சில நூறு ரூபாய்க்கோ வரும் ‘450 வாட்’ பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படித்தால் உண்மை வெளிப்படும். பிராசசரும் கார்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் தடத்திலிருந்து. அங்கே 45 ஆம்பியர் என்று இருந்தால் 540 வாட் கிடைக்கும். 20 ஆம்பியர் என்று இருந்தால், மேலே எந்த எண்ணைப் பெரிதாக அச்சிட்டிருந்தாலும், கிடைப்பது 240 வாட்தான். நாம் பேசிய கணினியில் ஆர்டிஎக்ஸ் 5060க்கு 145 வாட், பிராசசருக்குச் சுமை ஏறும்போது ஏறக்குறைய 90 வாட், மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்து ஓர் ஐம்பது அறுபது என்று வைத்தால் 300 வாட்டை ஒட்டி வரும். கார்டுகள் கண நேரத்துக்கு அதைவிட அதிகமாக இழுக்கும் என்பதாலும், பின்னர் கார்டை மாற்றலாம் என்பதாலும் 550 அல்லது 650 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்குவது பொருத்தம். 80 பிளஸ் முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சான்று. உள்ளே உள்ள பாகங்களின் தரத்துக்கு அது உத்தரவாதமாகாது. தயாரிப்பாளர் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வாரன்டி தருகிறாரா என்று பார்ப்பது அதைவிட நம்பகமான அடையாளம். கழற்றி மாட்டும் கம்பிகள் உள்ள எஸ்எம்பிஎஸ் என்றால், ஒன்றின் கம்பியை மற்றொன்றில் எக்காரணம் கொண்டும் செருகக் கூடாது. செருகும் முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வயர்களின் வரிசை வேறாக இருக்கும், டிரைவ்கள் கருகிவிடும்.

மின்தடையும் ஏறி இறங்கும் வோல்டேஜும் உள்ள ஊர்களில் இந்தக் கணக்கு யுபிஎஸ்சிலும் தொடர்கிறது. வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் வழக்கமாக 360 வாட் வரைதான் தாங்கும். விளையாட்டின் நடுவே மின்சாரம் போனால், திரையின் சுமையும் சேர்ந்து, அது கணினியோடு தானும் அணைந்துவிடலாம். 1000 விஏ அளவும், முடிந்தால் தூய சைன் அலை (வீட்டு மின்சாரத்தைப் போன்ற சீரான அலை) வகையும் பாதுகாப்பு. கேபினெட்டைத் தொட்டால் ‘சுர்’ரென்று இழுக்கிறது என்றால், எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கேபினெட்டில் அழகைவிடக் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும். மே மாதத்தில் அறையே 35 டிகிரியில் இருக்கும்போது, முன்பக்கம் முழுவதும் கண்ணாடியால் மூடி வண்ண விளக்கு எரியும் கேபினெட் அடுப்பில் வைத்த பானைதான். முன்பக்கம் வலை, அங்கே காற்றை உள்ளிழுக்கும் இரண்டு 120 மிமீ விசிறிகள், பின்னால் வெளியேற்ற ஒன்று, கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி ஆகியவை இருந்தால் போதும். கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் கேபினெட்டின் அளவுக் குறிப்போடு மில்லிமீட்டர் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 உரிமத்தின் விலையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். லினக்ஸில் இன்று ஏராளமான விளையாட்டுகள் ஓடினாலும், வேலரன்ட் ஓடாது. விண்டோஸ் 11இலும் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இயங்க வேண்டும் என்று கேட்கும்.

எல்லாப் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி பில் வாங்கி, கார்டு, போர்டு, பிராசசர், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றின் சீரியல் எண் பில்லில் ஏறியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். மாற்றித் தரும் காலம் சில நாட்களே என்பதால், எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வாங்குவது நல்லது. தள்ளுபடிக்காகக் கார்டை இரண்டு மாதம் முன்பே வாங்கிப் பெட்டியிலேயே வைத்திருந்தால், அது பழுதா என்று தெரியும்போது அந்தக் காலம் கடந்திருக்கும். வந்தவுடன் போர்டை அதன் அட்டைப் பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ராம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றை மட்டும் (பிராசசரில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டையும்) இணைத்து, பயாஸ் திரை வருகிறதா என்று பார்த்த பிறகு கேபினெட்டுக்குள் பொருத்துங்கள். முடிந்ததும் திரையின் கம்பியை மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருகி, விண்டோஸின் டிஸ்பிளே அமைப்பில் 60 ஹெர்ட்ஸ் என்று இருப்பதை 144க்கு மாற்றி, மாற்றித் தரும் நாட்கள் முடிவதற்குள் கனமான ஒரு விளையாட்டைச் சில மணி நேரம் தொடர்ந்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.