பதினோரு இரவு, நான்கு தீவு: இந்தோனேசியாவை இருவராக நிதானமாகச் சுற்ற

இந்தோனேசியாவில் பதினேழாயிரத்துக்கும் மேல் தீவுகள். நமக்குக் கிடைக்கும் லீவோ பத்து, பன்னிரண்டு நாள். நாங்கள் இருவரும் முதல் தடவை போனபோது எட்டு நாளில் ஐந்து தீவு என்று போட்டுக்கொண்டு போனோம். காலையில் எழுந்ததும் மூட்டை கட்டு, வண்டிக்குக் காத்திரு, துறைமுகத்தில் காத்திரு, படகில் குலுங்கு, இறங்கி இன்னொரு வண்டி பிடி, அறைக்குள் நுழையும்போது மணி மூன்று, அதற்கு மேல் இருவருக்கும் பேசக்கூடத் தெம்பிருக்காது. அந்தப் பயணத்தில் எடுத்த படங்கள் எல்லாம் அழகாக இருக்கின்றன, ஆனால் எந்தத் தீவில் என்ன சாப்பிட்டோம் என்றுகூட நினைவில்லை. இரண்டாவது தடவை போனபோது ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: தீவு மாறும் நாள் போன நாள். அதை ஊர் சுற்றும் நாளாக எண்ணவே கூடாது. ஒரு தீவில் மூன்று இரவு தங்கினால்தான் முழுசாக இரண்டு பகல் கையில் மிஞ்சும்.

அதனால் நான் சொல்லும் வழி இது. பாலியில் சானூரில் இரண்டு இரவு, நூசா லெம்போங்கானில் மூன்று, கிலி மேனோவிலோ கிலி ஆயிரிலோ மூன்று, கடைசியில் லொம்போக்கின் தெற்குக் கரையில் மூன்று. மேற்கிலிருந்து கிழக்காக ஒரே போக்கில் போய்க்கொண்டே இருக்கலாம், வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. இதற்கு விமான டிக்கெட்டைக் கொஞ்சம் யோசித்து எடுக்க வேண்டும். போகும்போது பாலியின் தென்பசார், திரும்பும்போது லொம்போக்கின் பிராயா. லொம்போக்கிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் உண்டு, அங்கிருந்து சென்னை, திருச்சி எல்லாம் நமக்குப் பழகிய பாதைதான். பெரும்பாலானோர் பாலிக்கே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்துவிட்டு, கடைசி நாளில் கிலியிலிருந்து படகில் அடித்துப் பிடித்து ஓடி வருகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் முதல் பயணத்தில் ராத்திரி விமானத்துக்கு அன்று மதியப் படகு எடுத்திருந்தோம். படகு மூன்று மணி நேரம் தாமதம், விமானம் போய்விட்டது, புது டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் லெம்போங்கானில் இன்னும் நான்கு நாள் இருந்திருக்கலாம். அலை பெரிதாக இருந்தால் துறைமுக அதிகாரிகள் படகுகளை நிறுத்தியே விடுவார்கள், யாரையும் குறை சொல்ல முடியாது. விமானம் ஏறுவதற்கு முந்தின இரவு, விமான நிலையம் இருக்கும் தீவிலேயே படுத்துத் தூங்குங்கள்.

எப்போது போவது? ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை மழை குறைவு. ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் ஏறிவிடும், காற்றும் பலமாக இருக்கும். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும்தான் என் தேர்வு. மார்ச் வாக்கில் பாலியில் நியெப்பி வரும், அவர்களுடைய புத்தாண்டு. அன்று 24 மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள், தெருவில் யாரும் நடக்கக்கூடாது, இரவில் விளக்குகூட எரியாது. தெரிந்து போனால் அருமையான அனுபவம், தெரியாமல் டிக்கெட் போட்டால் சிக்கல். லொம்போக்கின் மண்டாலிகாவில் மோட்டோஜிபி பைக் பந்தயம் நடக்கும் வாரத்தையும் பார்த்து ஒதுக்கிவிடுங்கள், தெற்குக் கரையில் அறை கிடைக்காது.

காகித வேலை அதிகமில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இறங்கியதும் விசா கிடைக்கும், 30 நாளுக்கு 5,00,000 ரூபியா. குடிவரவுத் துறையின் தளத்திலேயே முன்கூட்டி இ-விசாவாக எடுத்துவிட்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பாலிக்குள் நுழைய 2024 பிப்ரவரியிலிருந்து தலைக்கு 1,50,000 ரூபியா சுற்றுலா வரி, அதை லவ் பாலி தளத்தில் கட்டலாம். 'ஆல் இந்தோனேசியா' என்ற வருகைப் படிவம் ஒன்று உண்டு, அங்கே போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்பி க்யூஆரை போனில் சேமித்து வையுங்கள், அது இலவசம்.

பணக் கணக்கில் முதல் நாள் தலை சுற்றும். மூன்று சைபரை எடுத்துவிட்டு ஐந்தால் பெருக்குங்கள், ஏறக்குறைய நம் ரூபாய் வந்துவிடும். லட்ச ரூபியா என்றால் ஐந்நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். பல ஏடிஎம்களில் பணம் முதலில் வரும், கார்டு அப்புறம்தான் வரும். பணத்தை எடுத்ததும் திரும்பி நடந்துவிடும் பழக்கம் இருந்தால் கார்டு போச்சு. சின்னத் தீவுகளில் ஏடிஎம்மை நம்ப வேண்டாம், சானூரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சானூரை ஏன் சொல்கிறேன் என்றால், கூத்தா, செமின்யாக் பக்கத்து நெரிசல் இங்கே கிடையாது. கடற்கரையை ஒட்டியே நீளமாக நடைபாதை, கிழக்கு பார்த்த கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும், படகுத்துறையும் இங்கேயேதான். முதல் நாள் ஒன்றும் செய்யாமல் நடந்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் வாசல்தோறும் தென்னங்குருத்தில் மடித்த சின்னத் தட்டில் பூவும் ஊதுபத்தியும் வைத்திருப்பார்கள், சானாங் சாரி என்று பெயர். மிதித்துவிடாமல் சுற்றிப் போங்கள். கடைக்காரரை ப்ளி என்று கூப்பிடுங்கள், அண்ணா என்று பொருள். பெண் என்றால் ம்போக், அக்கா. அப்படிக் கூப்பிட்டதும் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

நம் காதுக்குப் பழகிய சொற்களும் அங்கங்கே வந்து விழும். கப்பல் அங்கே காபால், பெட்டி பெத்தி, திரை திராய், மாங்காய் மங்கா. விடுதிப் பலகையில் கோலாம் ரெனாங் என்று இருந்தால் நீச்சல் குளம், அந்த கோலாம் நம் குளம்தான். கடல் வழியாக எத்தனையோ நூற்றாண்டு நடந்த வியாபாரம் விட்டுப்போன சொற்கள். துறைமுகத்தில் "காபால் செப்பாத்" என்று பலகை பார்த்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, வேகக் கப்பல் என்று யாரும் மொழிபெயர்க்காமலே பாதி புரிந்துவிட்டது.

சானூரிலிருந்து லெம்போங்கானுக்கு அரை மணி, முக்கால் மணி நேரம். காலைப் படகில் போங்கள், மதியத்துக்கு மேல் கடல் முரண்டு பிடிக்கும். குமட்டல் வருபவர் படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு பின்பக்கமாக உட்காருங்கள், முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். முக்கியமான விஷயம், சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். லெம்போங்கானில் பல படகுகள் இன்னும் மணற்கரையில்தான் இறக்கிவிடும். படகின் பின்பக்கத்தைக் கரைக்குத் திருப்பி நிறுத்துவார்கள், அலை பின்வாங்கும் நேரம் பார்த்துப் படகுப் பையன் "ஆயோ, ஆயோ" என்பான், நமக்கு ஐயோ என்று கேட்கும், வாங்க வாங்க என்றுதான் சொல்கிறான். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் அவன் தோள், முழங்கால் அளவு தண்ணீரில் குதிக்க வேண்டும். அரைக்கால் சட்டையும் முதுகுப் பையும் போன், பாஸ்போர்ட் வைக்க நீர்புகாத பையும் இருந்தால் கவலையில்லை.

லெம்போங்கானில் நான் எல்லோருக்கும் சொல்வது, தண்ணீர் வற்றும் நேரத்தில் செனிங்கான் தீவுக்குப் போகும் மஞ்சள் பாலத்துக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். இரண்டு தீவுக்கும் நடுவே ஆழமில்லாத கால்வாய், அதற்குள் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்க்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் வயலில் பாத்தி பிரித்ததுபோல் தண்ணீருக்கடியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆணும் பெண்ணுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று கூடையில் அள்ளுவார்கள், கரையில் தார்ப்பாயில் பரப்பிக் காய வைப்பார்கள், காற்றில் கருவாட்டு வாசமும் உப்பும் கலந்து வரும். கொரோனாவில் சுற்றுலா படுத்தபோது பல குடும்பங்கள் மறுபடி இதற்குத்தான் திரும்பினார்களாம். அந்தப் பழைய பாலம் 2016இல் இடிந்து உயிர்கள் போயின, இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. நாங்கள் ஒரு மாலை முழுக்க அங்கேயே இருந்தோம். வடக்குப் பக்கம் அலையாத்திக் காட்டுக்குள் சின்னப் படகில் போகலாம், அதுவும் அமைதி. 'டெவில்ஸ் டியர்' பாறையில் மட்டும் விளிம்புக்குப் போகாதீர்கள், அலை எகிறி ஆட்களை இழுத்துப்போயிருக்கிறது.

பக்கத்திலேயே நூசா பெனிடா தீவு. கெலிங்கிங் பாறையின் படத்தைப் பார்த்து எல்லோரும் ஒருநாள் சுற்றுலாவாக ஓடுகிறார்கள். ரோடு மேடு பள்ளம், காரில்தான் பாதி நாள், போன இடத்தில் படம் எடுக்க வரிசை. போயே ஆக வேண்டுமென்றால் ஒரு இரவு அங்கேயே தங்கி, சானூர்ப் படகுகள் வருவதற்குள் காலை ஏழு மணிக்கே பார்த்துவிடுங்கள். நிதானப் பயணத்தில் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், நம்மைப் போலவே இடது பக்கம்தான். சர்வதேச உரிமத்தில் இருசக்கர வாகனத்துக்கும் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாமல் விழுந்தால் காப்பீடு ஒரு பைசா தராது.

லெம்போங்கானிலிருந்து கிலித் தீவுகளுக்கு நேரடிப் படகு உண்டு. இது லொம்போக் நீரிணையைக் கடக்கும் பயணம், கொஞ்சம் ஆட்டம் இருக்கும். பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குத் தண்ணீர் பாயும் வாசல்களில் இது ஒன்று, ஆழமும் அதிகம். 1856இல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் இதைக் கடந்தபோது, பாலியில் கண்ட பறவைகள் பல லொம்போக்கில் இல்லை, அங்கே ஆஸ்திரேலியப் பக்கத்துக் கொண்டைக்கிளிகள் இருந்தன. ஆசியப் பக்கத்து விலங்குகளையும் ஆஸ்திரேலியப் பக்கத்து விலங்குகளையும் பிரித்து அவர் வரைந்த கோடு உங்கள் படகுக்குக் கீழேதான் ஓடுகிறது. சில படகுகள் மூன்றாவது கிலியான திரவாங்கானில் மட்டும் நிற்கும், மேனோவுக்குச் சின்னப் படகு மாற வேண்டும், டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். ரிட்டர்னும் சேர்த்து எடுக்கச் சொல்லி வற்புறுத்துவார்கள், ஒருவழி போதும்.

மூன்று கிலியிலும் மோட்டார் வண்டி கிடையாது. திரவாங்கான் இரவெல்லாம் இசையும் கூட்டமும். ஆயிர் நடுத்தரம், சாப்பாட்டுக் கடைகள் நிறைய, கிராமமும் உண்டு. மேனோதான் சின்னது, அமைதியானது, ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். எங்களுக்கு மேனோ. இரவு எட்டு மணிக்கு மேல் அலைச் சத்தமும் குதிரை வண்டியின் மணியும் மட்டும். அந்தக் குதிரைகள் வெயிலில் படும் பாட்டைப் பார்த்தால் ஏற மனசு வராது, பை சின்னதாக இருந்தால் நடந்தே போய்விடலாம். அறை போடும் முன் குளியலறையில் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று கேளுங்கள், இந்தத் தீவுகளில் நன்னீர் பெரிய பிரச்சினை.

மேனோவின் மேற்குக் கரையோரம் கடலுக்கடியில் 48 மனித உருவங்கள் வட்டமாக இருக்கின்றன, ஜேசன் டிகெய்ரஸ் டெய்லர் செய்து 2017இல் இறக்கியவை, பவளம் வளரட்டும் என்று. பத்து மணிக்குள் கூட்டம் வந்துவிடும், ஏழு மணிக்குப் போங்கள். என்னோடு வந்தவருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டும் முகமூடியும் மாட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மிதந்தார். ஒரு பச்சை ஆமை கீழே புல் மேய்ந்துகொண்டிருந்தது, மூச்சு வாங்க எங்கள் பக்கமாகவே மேலே வந்தது. என் கை வலிக்கும்வரை இறுக்கினார், பயத்தில் இல்லை. ஆமையைத் தொடவும் வேண்டாம், துரத்தவும் வேண்டாம், அசையாமல் மிதந்தால் அதுவே பக்கத்தில் வரும். தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் பலம், ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நீந்திப் பார்க்கவே கூடாது. இன்று ஓட்டம் எந்தப் பக்கம் என்று கரையில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மீன் சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை, இக்கான் பாக்கார் என்றால் சுட்ட மீன், சம்பல் காரம் நமக்குச் சரியாக இருக்கும். சைவம் என்றால் சோயாவில் செய்யும் தெம்பே, தாஹு, கூடவே வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும். ஆனால் சம்பலிலும் கீரையிலும் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும், அப்பளம் மாதிரி இருக்கும் க்ருபுக்கிலும் பல நேரம் இறால் இருக்கும். "தான்பா தாகிங், தான்பா இக்கான், தான்பா தெராசி" என்று சொல்லுங்கள், கறி, மீன், இறால் விழுது வேண்டாம் என்று அர்த்தம். குழாய்த் தண்ணீர் குடிக்கக் கூடாது. அராக் என்ற உள்ளூர்ச் சாராயத்தைத் தொடாதீர்கள், மெத்தனால் கலந்ததைக் குடித்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

இருவராகப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு திட்டம் போடுங்கள், அதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஒருவருக்குக் கடலில் இறங்க ஆசை, இன்னொருவருக்கு நிழலில் படுக்க ஆசை என்றால் தனித்தனியாகவே போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குச் சேருங்கள், சொல்வதற்கு இருவரிடமும் கதை இருக்கும்.

மேனோவிலிருந்து லொம்போக்கின் பங்சால் துறைக்குச் சின்னப் படகு. டிக்கெட்டைக் கவுன்டரில் மட்டும் எடுங்கள், இறங்கியதும் சூழ்ந்துகொள்பவர்களிடம் சிரித்துவிட்டு நகருங்கள், காரை முந்தின நாளே விடுதி மூலம் சொல்லி வைப்பது நல்லது. தெற்குக் கரையின் கூத்தா லொம்போக்குக்கு (பாலியின் கூத்தா வேறு) இரண்டு மணி நேரம் ஆகும். லொம்போக்கில் சசாக் முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை, ஊருக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடை போடுங்கள், ரமலானில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதைத் தவிர்த்தால் மரியாதை. விடியற்காலை பாங்கு சத்தத்தில் எழுந்துவிடுவோம் என்பவர்கள் காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

கடைசி நாளுக்கு செலோங் பெலானாக் கடற்கரையை வைத்துக்கொள்ளுங்கள். அரைவட்ட விரிகுடா, மாவு போல மணல், அலை சின்னது, சர்ஃபிங் பழகுபவர்கள் விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள். சாயங்காலம் எருமைக் கூட்டம் ஒன்று மணலோடு வீட்டுக்கு நடந்து போகும், யாரும் ஓட்ட வேண்டியதில்லை. இளநீரை வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருங்கள். மறுநாள் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.