பழைய புடவையில் ஒட்டுப்போர்வை: எந்த வேலைக்குக் கால் மிஷின், எதற்குக் கரண்ட் மிஷின்

என் வீட்டுக் கூடத்தில் ரெண்டு தையல் மிஷின் இருக்கின்றன. ஒன்று அம்மாவின் கறுப்புக் கால் மிஷின், நேர்த்தையல் மட்டும்தான் போடும். இன்னொன்று நான் பின்னால் வாங்கிய கரண்ட் மிஷின், அதில் ஜிக்ஜாக் உண்டு. புதியது வந்தபோது பழையதை எடைக்குப் போட்டுவிடலாமே என்றார்கள், நான் சம்மதிக்கவில்லை. துணித் துண்டுகளை இணைத்து, அடியில் பல அடுக்கு வைத்துத் தைப்பதுதான் ஒட்டுப்போர்வை, அதைத் தைக்கிறவர்களுக்கு இந்த ரெண்டுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது. துண்டுகளை ஒன்றோடொன்று சேர்க்கக் கால் மிஷின், அடுக்குகளை எல்லாம் ஒன்றாகப் பிடித்துத் தைக்கக் கரண்ட் மிஷின்.

காரணம் இதுதான். ஊசி இறங்குகிற தகட்டைப் பாருங்கள். நேர்த்தையல் மிஷினில் ஒரு சின்ன வட்ட ஓட்டை. ஜிக்ஜாக் மிஷினில் ஊசி இடமும் வலமும் போகவேண்டும் என்பதால் அகலமான ஓட்டை. பத்து வருஷம் துவைத்து நைந்த காட்டன் புடவைத் துண்டின் முனையை அகல ஓட்டையில் வைத்துத் தைத்தால் ஊசியே அதை உள்ளே இழுத்துக்கொண்டு போய் அடிநூல் சுற்றியிருக்கும் பாபின் பக்கம் சிக்க வைத்துவிடும், சின்ன ஓட்டையில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. ஒரே ஒரு மிஷின், அதுவும் ஜிக்ஜாக் என்றால் பரவாயில்லை, நேர்த்தையல் தகடு தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். அதைப் போட்டபிறகு மறந்துபோய் ஜிக்ஜாக் வைத்துவிடாதீர்கள், ஊசி தகட்டில் இடித்து முறியும்.

சரி, துணிக்கு வருவோம். நான் எடுத்துக்கொள்வது ஒற்றைக் கட்டில் அளவு, 60க்கு 90 இஞ்ச். மேல்பக்கத்துக்கு 5 இஞ்ச் சதுரங்கள், குறுக்கே 12, நீளத்தில் 18, மொத்தம் 216. வெட்டும்போது ஒவ்வொன்றும் 5½ இஞ்ச், ஏனென்றால் நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடும். அடிப்பக்கத்துக்கு ஒரு முழுப்புடவை, உள்ளே ரெண்டு பழைய புடவை. நம் ஊர் வெயிலுக்கு இந்தக் கனம் போதும் என்பது என் அனுபவம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கிறவர்கள் உள்ளே இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு தூக்க லேசாகத்தான் இருக்கிறது, ஆனால் மே மாதத்தில் அதைப் போர்த்திக்கொண்டு யாரும் தூங்கமுடியாது.

புடவை முழுக்க ஒரே மாதிரி நைவதில்லை. முந்தானையும், உள்ளே முதல் சுற்றில் போகிற பாகமும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். உட்கார்ந்து எழுந்து தேய்கிற இடமும், கீழே கால்பட்டு உரசுகிற இடமும்தான் முதலில் போகும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், சல்லடை போலத் தெரிந்தால் அதை மேல்பக்கத்துக்கு எடுக்காமல் உள் அடுக்குக்கு ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் ரெண்டு கையாலும் பாவு வாக்கில், அதாவது நீளத்தில் ஒருமுறை, ஊடை வாக்கில், அதாவது குறுக்கே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இழை விட்டுக்கொடுத்தால் அதுவும் உள்ளேதான். தெரிந்த தையல் கடையில் ரவிக்கை பிட்டுத் துணி கேட்டால் பை நிறையவே கொடுப்பார்கள். டூ பை டூ, கேம்பிரிக் என்ற ரவிக்கைத் துணிகள் இரண்டும் அருமையாக வரும். பனியன் துணி, ஷிஃபான், பட்டு எதையும் இதில் கலக்காதீர்கள், ஒன்று இழுபடும், ஒன்று வழுக்கும், துவைத்தபின் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி ஆகும்.

சாயம் பார்க்காமல் மட்டும் தொடங்கவேண்டாம். என் முதல் போர்வையில் ஒரு சிவப்புச் சுங்குடித் துண்டு, முதல் துவைப்பிலேயே பக்கத்திலிருந்த வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஜா நிறம் ஆகிவிட்டன, இரண்டு மாத வேலை. அதிலிருந்து எந்தத் துணியானாலும் நனைத்து, அதன்மேல் ஒரு வெள்ளைத் துணியை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கிறேன். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் துவைக்கவேண்டும், ஏறுவது நிற்காவிட்டால் அந்தத் துணி வேண்டாம்.

இனி எல்லாம் அடங்கியிருக்கிற கால் இஞ்ச் கதை. தையல்காரர் அளவில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல், அந்த நூல் கணக்கில் கால் இஞ்ச் என்றால் ரெண்டு நூல். உங்கள் தையல் அரை நூல் பெருத்துவிட்டது என்று வையுங்கள். ஒரு சேர்ப்பில் இந்தப் பக்கத் துண்டில் அரை நூல், அந்தப் பக்கத் துண்டில் அரை நூல், ஆக ஒரு நூல் போயிற்று. 12 சதுரம் உள்ள வரிசையில் 11 சேர்ப்பு. 11 நூல் என்றால் ஒரு இஞ்சுக்கும் மேலே. இன்னொரு வரிசை சரியாகத் தைத்திருந்தால் ரெண்டும் எங்கேயாவது பொருந்துமா? இதற்கு நான் செய்வது: ஊசியை மெல்ல இறக்கி, ஊசி நுனியிலிருந்து வலப்பக்கம் கால் இஞ்ச் அளந்து, மிஷின் மேடையில் மாஸ்கிங் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டி ஒரு சின்ன வரப்பு போலச் செய்துவிடுவேன். துணியின் விளிம்பு அந்த வரப்பில் உரசிக்கொண்டே போனால் போதும், கண் ஊசியைப் பார்க்கவே வேண்டாம். தொடங்குவதற்கு முன் ரெண்டு 5½ இஞ்ச் துண்டைச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் 10½ இஞ்ச் வந்தால்தான் வரப்பு சரியான இடத்தில் இருக்கிறது.

ஊசி 14ஆம் நம்பர், ஒரு இஞ்சுக்குச் சுமார் 12 தையல். ஊசி போடும்போது குழம்புகிறவர்கள் நிறையப் பேர். ஊசியின் ஒரு பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும், விரல் நகத்தால் தடவினால் தெரியும். நூல் அந்தப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் காதுக்குள் போகவேண்டும். மேல்முனையின் தட்டைப் பக்கம் அதற்கு எதிரே இருக்கும். எந்த மிஷினுக்கு எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்யவேண்டியதே இல்லை, உங்கள் மிஷினில் நூல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும்.

துண்டுகளை ஒவ்வொன்றாகத் தைத்து நூலை வெட்டி, மறுபடி தொடங்குவது வேண்டாம். பூத்தொடுப்பது போலச் செய்யுங்கள்: ஒரு ஜோடி ஊசியைத் தாண்டியதும் நூலை வெட்டாமல் அடுத்த ஜோடியை முன்னால் கொடுத்துக்கொண்டே இருங்கள். 108 ஜோடியும் சரமாக மிஷின் பின்னால் தொங்கும், பிறகு உட்கார்ந்து ஒரேயடியாக வெட்டிக்கொள்ளலாம். நூல் மிச்சம், ஆரம்பத்தில் வரும் நூல் சிக்கலும் இல்லை. வீட்டு வேலைக்கு நடுவில் தைக்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. குக்கரை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் நாலு விசிலுக்குள் பதினைந்து ஜோடி ஆகிவிடும், எழுந்து போனாலும் சரம் அப்படியே காத்திருக்கும். கரண்ட் போனாலும் கால் மிஷின் நிற்காது. நான் ராத்திரியே ஜோடி சேர்த்து ஒரு முறத்தில் அடுக்கி வைத்துவிடுவேன், பகலில் யோசிக்கவே வேண்டாம், எடுத்துக் கொடுக்கவேண்டியதுதான்.

ஜோடிகளையும் இப்படியே ஒன்றோடொன்று சேர்த்து 12 சதுர வரிசைகள் ஆனதும் இஸ்திரி. முதல் வரிசையில் தையல் மடிப்புகள் எல்லாம் வலப்பக்கம் படுக்கட்டும், அடுத்த வரிசையில் இடப்பக்கம், இப்படியே மாற்றி மாற்றி. ரெண்டு வரிசையைச் சேர்க்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும், சந்திப்பில் நாலு மூலையும் தானாகப் பொருந்தும். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள், இழுத்தால் சதுரம் கோணிவிடும்.

அடிப்புடவை 5½ மீட்டர், அதாவது 216 இஞ்ச். நடுவில் வெட்டினால் 108 இஞ்சில் ரெண்டு. பக்கத்தில் பக்கம் வைத்துத் தைத்தால் அகலம் ஏறக்குறைய 90 இஞ்ச் வரும். நமக்கு வேண்டியது 66க்கு 96 தான், மேல்துணியைவிட எல்லாப் பக்கமும் 3 இஞ்ச் கூடுதலாக இருக்கவேண்டும். அகலத்தில் மிஞ்சுவதில் நீளவாக்கில் 2½ இஞ்ச் அகலப் பட்டைகள் வெட்டி வையுங்கள், ஓரம் கட்ட உதவும். சுற்றளவு 300 இஞ்ச்தானே, 3 பட்டை போதுமே என்று தோன்றும். மூலை திருப்பவும் பட்டைகளை இணைக்கவும் நீளம் போய்விடும், 4 வெட்டுங்கள்.

அடுக்குவதற்குத் தரைதான் சரியான இடம். கூடத்தைத் துடைத்துக் காயவிட்டு, அடிப்புடவையின் உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து, சுருக்கம் போகிற அளவு லேசாக இழுத்து ஓரங்களை டேப்பால் தரையில் ஒட்டுங்கள். அதன்மேல் உள் அடுக்குகள், கடைசியில் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவிக்கொண்டே ஒரு கையகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்கள். ஊக்கைப் பல நாள் அப்படியே விடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் எனக்கு ஒருமுறை துரு பிடித்து, அந்தக் கறை கடைசிவரை போகவில்லை. உடனே தைக்க நேரம் இருக்காது என்று தெரிந்தால் கையால் நீளமாக ஓட்டுத்தையல் போட்டுவிடுங்கள், அது எத்தனை மாதம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

இப்போது கரண்ட் மிஷின். ஊசி 16ஆம் நம்பர், ஒரு இஞ்சுக்கு 8 தையல் அளவுக்கு நீளம். துணியை அழுத்திப் பிடிக்கிற சாதாரண ஃபுட்டில் கீழே இருக்கும் பல் அடித்துணியை மட்டும்தான் நகர்த்தும், மேல்துணி பின்தங்கி, தையல் முடிகிற இடத்தில் மடிப்பாக விழும். அதற்குத்தான் வாக்கிங் ஃபுட், மேலிருந்தும் துணியை நகர்த்திக் கொடுக்கும். கால் மிஷின் மட்டும் இருக்கிறவர்கள் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க மேலே இருக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு மெதுவாகத் தையுங்கள், வரும். முதல் கோடு நடுவில், அப்புறம் அதிலிருந்து வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். நான் சதுரத்தின் மூலைக்கு மூலை சாய்கோடு போடுகிறேன், குறிக்கவேண்டிய வேலையே இல்லை, மூலைகளே வழி காட்டும். மிஷின் கைக்கு அடியில் போகிற பாகத்தைப் பாய் போலச் சுருட்டிக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் பின்னாலும் மேஜையோ நாற்காலியோ போட்டு போர்வையின் பாரத்தை அதன்மேல் ஏற்றுங்கள், தொங்கவிட்டால் அந்த எடை ஊசியை இழுத்து முறித்துவிடும்.

அடியில் நூல் சுருள் சுருளாக வந்தால் எல்லோரும் பாபினைத்தான் கழற்றுகிறார்கள். அடியில் சுருள் என்றால் கோளாறு பெரும்பாலும் மேல்நூலில். ஃபுட்டைத் தூக்கிவைத்துவிட்டு மேல்நூலை முழுக்க எடுத்து மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூலைப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகள் இறுகி இருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது. பத்தில் எட்டு தடவை இதோடு சரியாகிவிடும்.

ஓரம் கட்டப் பட்டையை ரெண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மேல்பக்கத்தில் வைத்து மிஷினில் தைத்து, அடிப்பக்கம் திருப்பிக் கையால் எம்மிங் செய்கிறேன். மிஷினிலேயே முடிக்கலாம்தான், ஆனால் கையால் செய்த ஓரம் விரலுக்கு மெத்தென்று இருக்கும், ராத்திரி கன்னத்தில் படுகிற இடம் அதுதானே.

போர்வை முடிந்த அன்றே ரெண்டு மிஷினையும் திறந்துவிடுங்கள். பழைய புடவை நிறையப் பஞ்சு உதிர்க்கும், பல்லுக்கு அடியிலும் பாபின் கேஸைச் சுற்றியும் கம்பளி போலப் படிந்திருக்கும், ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள். ஊதாதீர்கள், உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். கால் மிஷினின் ஒவ்வொரு எண்ணெய் ஓட்டையிலும் ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். கரண்ட் மிஷினுக்கு அதன் புத்தகத்தில் சொன்ன இடத்தில் மட்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் எந்த அவசரத்துக்கும் வேண்டாம், நாளடைவில் பிசினாகி இறுகி சக்கரமே சுற்றாது. அப்படி இறுகிய மிஷின் கைக்கு வந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, நூல் கோர்க்காமல் ஓட்டி, துடைத்துவிட்டு நல்ல எண்ணெய் போடுங்கள். கடைசியாக ஒரு கழிவுத் துணியில் நாலு வரி ஓட்டிப் பாருங்கள், எண்ணெய்க் கறை நின்றபிறகுதான் அடுத்த போர்வைத் துணியை மேடையில் வைக்கவேண்டும்.