பிள்ளையின் நுரையீரல் பரிசோதனை அறிக்கையை வாசிப்பது எப்படி?

என் மகளுக்குச் சிறுவயதிலிருந்தே முட்டு (ஆஸ்துமா). வெள்ளவத்தையில் மழைக்காலம் தொடங்கினால் எங்கள் வீட்டில் முதலில் தேடப்படுவது குடையல்ல, இன்ஹேலர். அவளுக்குப் பத்து வயதானபோது எடுத்த, மூச்சை ஊதச் சொல்லி அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையின் அறிக்கையில் ‘78 வீதம்’ என்று இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எதில் 78 வீதம்? யாரோடு ஒப்பிட்டு?

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததைப் படிப்படியாகத் தருகிறேன். வைத்தியரிடம் சரியான கேள்வியைக் கேட்க இது உதவும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் முடிவு.

படி 1: எதை அளக்கிறார்கள்?

மூச்சை முழுதாக உள்ளிழுத்து, பலமாக ஊதி முடிக்கும்போது வெளிவரும் மொத்தக் காற்று எஃப்.வி.சி. அதில் முதல் ஒரு செக்கனில் வெளிவருவது எஃப்.ஈ.வி.1. இரண்டும் லீற்றரில் இருக்கும். பிள்ளையின் நுரையீரல் தந்த எண்கள் இவைதாம். அறிக்கையிலுள்ள வீதங்கள் எல்லாம் இவற்றை வைத்து இயந்திரம் போடும் கணக்கு.

படி 2: உயரத்தை நீங்களே கவனியுங்கள்

ஆரோக்கியமான பிள்ளைகள் பலரை அளந்து, இந்த உயரத்துக்கும் வயதுக்கும் பாலுக்கும் இவ்வளவு காற்று எதிர்பார்க்கலாம் என்று கணித்து வைத்திருப்பதே உசாத்துணைப் பெறுமானம். நுரையீரலின் கொள்ளளவு உயரத்தோடு சேர்ந்து போகிறது என்பதை ஜான் ஹட்சின்சன் 1846ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். இன்றைய சமன்பாடுகளில் உயரம் ஒரு வீதம் பிழைத்தால், எதிர்பார்க்கப்படும் எஃப்.ஈ.வி.1 இரண்டு வீதத்துக்குச் சற்று மேலாகவே பிழைக்கும்.

என் மகளுக்கு நடந்தது இதுதான். சப்பாத்தைக் கழற்றாமல், உச்சிக் கொண்டையையும் சேர்த்து 142 சென்றிமீற்றர் என்று பதிந்திருந்தார்கள். வீட்டில் சுவரோடு நிறுத்தி அளந்தபோது 138. அவள் முதல் செக்கனில் ஊதியது (எஃப்.ஈ.வி.1) 1.50 லீற்றர். 142க்கு எதிர்பார்த்தது 1.92, ஆகவே 78 வீதம். 138க்கு எதிர்பார்க்க வேண்டியது ஏறத்தாழ 1.81, ஆகவே 83 வீதம். நுரையீரல் அதேதான், நான்கு சென்றிமீற்றர் எங்கள் உறக்கத்தைக் கெடுத்திருந்தது.

ஆகவே வெறுங்காலுடன், குதிகாலும் முதுகும் சுவரில் பட, பார்வை நேராக இருக்க அளக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளுக்குக் கைகளை விரித்து விரல் நுனிகளுக்கு இடைப்பட்ட நீளத்தைக் கொண்டு உயரத்தைக் கணிப்பார்கள். வயதையும் தசமத்தில் பதிய வேண்டும்: 12 வயது 9 மாதம் என்றால் 12.8, வெறும் 12 அல்ல.

படி 3: சரியாக ஊதினார்களா?

நல்ல முயற்சிகள் குறைந்தது மூன்று வேண்டும். அவற்றில் மிகப் பெரிய இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் 150 மில்லிலீற்றருக்குள் இருக்க வேண்டும். ஆறு வயதும் அதற்குக் கீழும் என்றால் 100 மில்லிலீற்றர் அல்லது பத்து வீதம், இரண்டில் எது பெரிதோ அது. பிள்ளை களைத்துப்போனால் இன்னொரு நாள் வருவதே நல்லது.

படி 4: எந்தச் சமன்பாடு?

எதிர்பார்ப்புப் பெறுமானத்தைக் கணித்த சமன்பாட்டின் பெயர் அறிக்கையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், அதைப் பெரும்பாலானோர் பார்ப்பதேயில்லை. ஜி.எல்.ஐ (குளோபல் லங் ஃபங்ஷன் இனிஷியேட்டிவ் என்ற சர்வதேசக் குழு) 2012 என்றால், 3 முதல் 95 வயது வரையானோருக்குத் தொடர்ச்சியாகப் பொருந்தும் சமன்பாடு. அதில் ஐந்து இனப் பிரிவுகள் உண்டு. தெற்காசியருக்கென்று தனிப் பிரிவு கிடையாது. எனவே நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ‘ஏனையோர்’ என்ற பிரிவைத் தெரிவுசெய்வார்கள். தவறுதலாக ‘வெள்ளையர்’ என்று தெரிவுசெய்தால் எதிர்பார்ப்பு உயர்ந்து, பிள்ளையின் வீதம் தாழ்ந்துவிடும். 2022இல் இனப் பிரிவே இல்லாத ஜி.எல்.ஐ குளோபல் வந்தது. 2023இல் அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் இனம் பாராத சமன்பாட்டையே பயன்படுத்தப் பரிந்துரைத்தது.

படி 5: 80 வீதத்தை விட்டு இசட் ஸ்கோரைப் பாருங்கள்

‘80க்கு மேல் என்றால் நல்லது’ என்ற பழைய விதி எல்லா வயதுக்கும் ஒரேமாதிரிப் பொருந்தாது. எதிர்பார்ப்பிலிருந்து பிள்ளை எவ்வளவு விலகி நிற்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் இசட் ஸ்கோர், எதிர்பார்ப்புக்குச் சமம் என்றால் அது 0. ஒரே உயரமும் வயதும் உடைய ஆரோக்கியமான பிள்ளைகள் நூறு பேரை அவர்கள் ஊதும் அளவின்படி வரிசையில் நிறுத்துங்கள். மிகக் குறைவாக ஊதும் கடைசி ஐவரைப் பிரிக்கும் கோடுதான் இசட் ஸ்கோர் −1.645. இதற்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். −2.5 வரை இலேசானது, −4 வரை நடுத்தரம், அதற்கும் கீழே கடுமையானது. அந்தக் கோட்டுக்குக் கீழும் ஆரோக்கியமான ஐந்து பேர் நிற்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

எஃப்.ஈ.வி.1ஐ எஃப்.வி.சியால் வகுத்து வரும் விகிதத்திலும் இதே கவனம் தேவை. வளர்ந்தோருக்குச் சொல்லப்படும் 0.70 என்ற எல்லை பிள்ளைகளுக்கு ஆகாது. சிறு பிள்ளைகளுக்கு 0.85ஐத் தாண்டியிருப்பதே வழமை. எட்டு வயதுப் பிள்ளைக்கு 0.74 வந்தால், 0.70க்கு மேல்தானே என்று ஆறுதல் கொள்ள முடியாது.

படி 6: மருந்துக்குப் பின்

மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் மருந்தை இன்ஹேலரில் நான்கு முறை கொடுத்து, 10 முதல் 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். கூடிய அளவை எதிர்பார்ப்புப் பெறுமானத்தால் வகுங்கள். மகள் 1.72க்கு ஏறினாள்: 0.22ஐ 1.81ஆல் வகுத்தால் 12 வீதம். பத்துக்கு மேல் என்றால் மூச்சுக்குழாய் மருந்துக்கு இணங்கி விரிந்திருக்கிறது. 83 வீதம் என்று மகிழ்ந்த எனக்கு, முட்டு இருக்கத்தான் செய்கிறது என்று காட்டியது இந்த வரிதான். முட்டு உள்ள பிள்ளைக்கும் மற்ற எண்கள் நன்றாக இருக்கலாம்.

படி 7: ஒரு கொப்பியில் பதியுங்கள்

திகதி, உயரம், இரண்டு லீற்றர் அளவுகள், இசட் ஸ்கோர், சமன்பாட்டின் பெயர். பதின்ம வயதில் உயரம் முந்திக்கொள்ளும், நுரையீரல் சற்றுப் பிந்தியே வளரும். அப்போது ஒரு அறிக்கையில் வீதம் இறங்கினால் முந்தைய வரிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இடையில் சமன்பாடு மாறியிருந்தால் பழைய லீற்றர் அளவுகளைப் புதியதில் போட்டுக் கணக்கிடலாம், ஜி.எல்.ஐ குழுவின் இணையக் கணிப்பான் இலவசம். மகளின் பழைய அறிக்கையைச் சரியான உயரத்துடன் அதில் போட்டு, தாளில் எழுதி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். வைத்தியர் அதைப் பழைய அறிக்கையின் மேலேயே இணைத்து வைத்தார்.