சிப்பாய் மூதாதையைத் தேடுகிறீர்களா? கேப் குடியேற்ற ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் (சுருக்கமாகக் கேப்) டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1652இல் ஒரு குடியேற்றம் அமைத்தது. அங்கே சிப்பாயாக வந்திறங்கிய மூதாதையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். தடம் தவறுவதும் அங்கேதான். அந்தக் காலத்துச் சாதாரணச் சிப்பாய்கள் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. யான் யான்ஸ் என்றால் யானின் மகன் யான், அவ்வளவுதான். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போட்டுக்கொள்ளும் நமக்கு இது எளிதில் விளங்கும்: அடுத்த தலைமுறையில் அந்தப் பெயர் மாறிவிடும். ஒரே கோட்டையில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று யான் யான்ஸ்கள் இருந்திருக்கலாம். பெயர், சொந்த ஊர், வந்த கப்பல், வந்த ஆண்டு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று ஒத்துப்போகாமல் ‘இவர்தான்’ என்று முடிவு கட்டாதீர்கள்.

‘வான்’ என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. அது பிரபுக் குலத்தின் அடையாளம் அன்று. ‘இன்ன ஊரிலிருந்து’ என்பதே அதன் பொருள். வான் டெல்ஃப்ட் என்று எழுதப்பட்ட இருவர் உறவினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. இருவரும் டெல்ஃப்ட் நகரத்தவர் என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது.

கம்பெனிச் சிப்பாய் என்றாலே டச்சுக்காரர் என்று கொள்வதும் தவறு. ஜெர்மன் நிலப்பகுதிகள், ஸ்காண்டிநேவியா, சுவிட்சர்லாந்து எனப் பல இடங்களிலிருந்து வேலை தேடி ஆம்ஸ்டர்டாமுக்கு வந்த இளைஞர்கள் படையில் ஏராளம். அவர்கள் வாயால் சொன்ன ஊரையும் பெயரையும் டச்சுக் கணக்கர் தன் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார். ஆகவே எழுத்துக்கூட்டலை நம்பாமல், உரக்கச் சொல்லிப் பார்த்து ஓசையைப் பின்தொடருங்கள்.

ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் கப்பல் சம்பளப் பேரேடுகள் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு: இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. சாதாரணச் சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 9 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). பற்றுப் பக்கத்தைப் பார்த்தால் நெஞ்சு கனக்கும். முன்பணம், சாமான் பெட்டியின் விலை ஆகியவற்றோடு பலருக்கு 150 கில்டர் கடன் சீட்டும் அங்கே ஏறியிருக்கும். அதாவது கப்பல் கிளம்பும் முன்பே ஏறத்தாழ 17 மாதச் சம்பளம் பறிபோய்விட்டது. அந்தச் சீட்டில் உள்ள பெயரைப் பார்த்து, ‘இது மனைவியாக இருக்கும், அண்ணனாக இருக்கும்’ என்று வம்சாவளியில் சேர்த்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும், கப்பல் புறப்படும்வரை சோறும் படுக்க இடமும் கொடுத்த விடுதிக்காரரின் பெயர். குடும்பத்தைத் தேட வேண்டிய இடம் மாதச் சீட்டு. ஆண்டுதோறும் சம்பளத்தின் ஒரு பகுதி ஊரிலுள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ போய்ச் சேர அதுதான் வழி செய்தது.

கணக்கு முடிந்துவிட்டது என்றால் ஆள் இறந்துவிட்டார் என்று கொள்ள வேண்டாம். நாடு திரும்பினாலும் கணக்கு மூடப்படும். தப்பி ஓடினாலும் மூடப்படும். கம்பெனி வேலையிலிருந்து விடுபட்டுச் சுதந்திரக் குடியானவர் ஆனாலும் மூடப்படும். 1657இல் லீஸ்பீக் ஆற்றங்கரையில் நிலம் பெற்ற முதல் குடியானவர்கள் கம்பெனியில் வேலை பார்த்தவர்களே. அதேபோல் ‘சிப்பாய்’ என்று பதிவானவர் ஆயுள் முழுவதும் துப்பாக்கி ஏந்தினார் என்றும் நினைக்காதீர்கள். பண்ணைகளுக்குக் கூலியாளாக அனுப்பப்பட்டவர்களும் சம்பளப் பட்டியலில் சிப்பாய்களாகவே நீடித்தார்கள்.

இந்தப் பேரேடுகளை இணையத்தில் பெயர் கொடுத்துத் தேடலாம். அதில் கிடைக்கவில்லை என்றதும் பலர் தேடலையே கைவிட்டுவிடுகிறார்கள். 1700க்கு முந்தைய பேரேடுகளில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. உங்கள் சிப்பாய் 1660களில் வந்தவர் என்றால் அங்கே இல்லாமல் போவதுதான் இயல்பு. கேப்பின் ஆட்பட்டியல்கள், ஆட்சிக் குழுவின் தீர்மானங்கள், தேவாலயப் பதிவேடுகள், 1673 முதல் கிடைக்கும் இறந்தவர்களின் சொத்துப் பட்டியல்கள் ஆகியவற்றுக்குப் போங்கள். நீதிமன்ற ஆவணங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். காவலில் தூங்கியவன், திருடியவன், ஓடிப்போனவன் என்று ஏழைச் சிப்பாயின் வாழ்க்கை விரிவாக எழுதப்பட்ட இடம் அது ஒன்றுதான். (இன்றைய நியூயார்க்கான நியூ ஆம்ஸ்டர்டாமில் இருந்த சிப்பாய் என்றால் அது மேற்கிந்தியக் கம்பெனி, அதன் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி 1821இல் கழிவுக் காகிதமாக விற்கப்பட்டுவிட்டது. இரண்டு கம்பெனிகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

என்னால் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு ஒன்று உண்டு. தகப்பன் வழியை மட்டும் எழுதிவிட்டுத் தாயை விட்டுவிடுவது. தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பத்தைப் பாருங்கள். மூதாதை, ஹைடல்பெர்க்கிலிருந்து வந்த ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்ற சிப்பாய். 1669இல் ஞானஸ்நானம் பெற்ற அவருடைய மகன் கிறிஸ்டோஃபலின் தாய், ‘பெரிய கத்ரெயின்’ என்று அழைக்கப்பட்ட அடிமைப் பெண். பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தண்டனை பெற்று 1657இல் கேப்புக்கு நாடு கடத்தப்பட்டவர். அவருடைய முழுப் பெயர் கத்தரீனா வான் பாலியகட்டா. பாலியகட்டா வேறெதுவும் இல்லை, நம் பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய அதே ஊர்.

ஐரோப்பிய வரைபடத்தில் பாலியகட்டாவைத் தேடினால் கிடைக்காது. ‘வான் கொரமாண்டல்’ என்றோ, கரையிலிருந்து வந்தவள் என்று பொருள்படும் ‘வான் டி குஸ்ட்’ என்றோ ஒரு பெண்ணின் பெயர் உங்கள் சிப்பாயின் பக்கத்தில் எழுதியிருந்தால், அந்தக் கரை பெரும்பாலும் சோழமண்டலக் கரை. பழவேற்காடும் நாகப்பட்டினமும் கம்பெனியின் கையில் இருந்த ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பலில் ஏற்றப்பட்டாள் என்று, சிப்பாயின் கப்பலைத் தேடிய அதே பொறுமையோடு தேடுங்கள்.